பொட்டு வைத்த பேட்டரி

எங்கள் நைனா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அன்று தோள் கொடுத்தவர்கள், காரியத்தன்று எங்களோடு உட்கார்ந்து அழுதவர்கள், வர முடியாமல் தந்தி அடித்தவர்கள் என எல்லோருடைய கைக்கும் இந்த மலர் வந்து சேரும். முதல் பக்கத்தில் நைனாவின் படம் இருக்கிறது. அதில் அவர் முறைக்கிற மாதிரி தெரிகிறதே என்று நினைக்காதீர்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிவிட்டார். சிரிக்கச் சொன்னால் நைனாவுக்கு வெட்கம் வந்துவிடும், அதை மறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார்.

அடுத்த பக்கத்தில் என் தம்பி நைனாவின் நற்குணங்களை எழுதியிருக்கிறான். அவற்றில் ஒன்றுகூட மிகையில்லை. இந்தப் பக்கம் மூத்த மகளாகிய என்னுடையது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் வேண்டாம் என்று தம்பி சொன்னான். "தெவசத்துக்குக் குடுக்குற புக்குல யாராச்சும் சொந்த நைனா மானத்த வாங்குவாங்களா, அக்கா?" என்று கேட்டான். நைனாவே எழுதச் சொன்னார் என்றேன். படித்து முடித்ததும் உங்களில் சிலருக்குத் தம்பி சொன்னதுதான் சரி என்று படலாம். எனக்கே எழுத உட்காரும்போதெல்லாம் முகம் சுடுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் அதிகமாகச் சுடும் என்பதால் எழுதுகிறேன்.

நைனா பிறந்தது திருவொற்றியூருக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில். தாத்தாவும் அவருடைய அண்ணன் தம்பிகளும் கட்டுமரத்தில் போனவர்கள். மீசை அரும்புகிற வயதில் நைனாவையும் ஏற்றிப் பார்த்தார்கள். அலையைத் தாண்டுவதற்குள் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி. பழகிப்போகும் என்று மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் அதே கதைதான். கடலில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்று குப்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மீன்கூடை சுமந்து போகிற பெண்கள்கூட அவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டுகிற மாதிரி பாசாங்கு செய்வார்களாம். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் தண்டையார்பேட்டைக்கு ஓடிவந்து ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். பசியைத் தாங்குவார், அடியைத் தாங்குவார். நாலு பேர் சிரித்தால் மட்டும் அவரால் தாங்க முடியாது. கடைசிவரை அப்படித்தான் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிளீனராக இருந்தவர் ஓட்டக் கற்றார். யுத்தக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் நடுவில் ராணுவச் சரக்கு ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் கழித்துக்கட்டிய லாரிகளில் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அதற்காக அம்மா கழற்றிக் கொடுத்த நகைகள் திரும்பி வரவில்லை, அம்மாவும் ஒரு நாளும் அவற்றைக் கேட்கவில்லை. எண்ணூருக்கு அப்பால் அத்திப்பட்டு உப்பளங்களிலிருந்து ராயபுரம் கிடங்குகளுக்கு உப்பு ஏற்றுவதுதான் எங்கள் வண்டியின் பிழைப்பு.

ஆஸ்பத்திரியில் இறந்துபோன குப்பத்து ஜனங்களை வாடகை வாங்காமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். புயலடித்தபோது குடிசைக்காரர்களைப் பாத்திர பண்டங்களோடு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினார். கிளீனர்களைக் கை நீட்டி அடித்ததில்லை. கோபமே வராத மனிதர் என்று தம்பி எழுதியிருக்கிறான். ஒரு நாள் வந்தது.

பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று பல லாரிக்காரர்கள் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. நைனாவும் ஏற்றினார். எஞ்சினும் அதைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரும் புதிதாக வந்தன. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகிற கேபிள் மட்டும் பழைய பெட்ரோல் வண்டிக்கு இருந்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃபுக்கு ரொம்ப பலம் வேண்டும், அவ்வளவு கரண்டு அந்த ஒல்லிக் கேபிளில் போகாது. போதாக்குறைக்கு, உப்பு மூட்டையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் பேட்டரிப் பெட்டியின் மேல்தான் சொட்டும். கேபிள் முனைகளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறிக்கிடந்தது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வண்டி காலையில் எடுக்கவில்லை என்பதுதான்.

பெட்ரோல் வண்டியாவது கைப்பிடி போட்டுச் சுற்றலாம், டீசல் எஞ்சின் அதற்கு மசியாது. சரிவில் நிறுத்தி உருட்டிவிடலாம் என்றால், எங்கள் பக்கத்தில் மேடு என்று ஒன்று கிடையாது, கடற்கரை மாதிரித் தட்டையான பூமி. ஆகவே தள்ளத்தான் வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து வருவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வருவார்கள். சில நாள் மீன்காரப் பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வா நைனா, உன் புள்ளைய நடக்க வெப்போம்" என்று சொல்லித் தள்ளியிருக்கிறார்கள். எங்கள் வண்டிக்குத் தள்ளுவண்டி என்று பேர் விழுந்தது. வாழைப்பழம் இருக்கிறதா, பட்டாணி இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடும். நைனா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

என் வளைகாப்புக்கு என் புகுந்த வீட்டார் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து அவர்களை ரயிலடியில் விட நைனா லாரியை எடுக்கப்போனார். செல்ஃப் ஒரு முனகு முனகிவிட்டு நின்றுவிட்டது. அன்று தெருவில் ஆளும் இல்லை. வெள்ளை வேட்டியும் சரிகைத் துண்டுமாக வந்திருந்த என் மாமனாரும் அவருடைய தம்பியும் இறங்கித் தள்ளினார்கள். வண்டி குபீரென்று விட்ட புகையில் மாமனாரின் வேட்டி கறுத்துப்போனது. மாமியார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நைனா கண்ணாடியில் பார்த்துவிட்டார். அன்று ராச்சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. புது பேட்டரி போட்டால்தான் இதற்கு விடிவு என்று முடிவு செய்தார்.

தண்டையார்பேட்டை லாரி ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேட்டரிக் கடையை நடத்தியவரை எல்லோரும் பாய் என்பார்கள். அவர் பேரை அச்சில் போட அவர் சம்மதிக்கவில்லை, ஆகவே நானும் பாய் என்றே எழுதுகிறேன். ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளில் முக்கால்வாசி அவருடைய கைப்பட்ட பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நைனாவை அவர் அண்ணாத்தே என்று கூப்பிடுவார். நல்ல புது பேட்டரியாகப் பார்த்து எடுத்து, ஆசிட் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, தானே தூக்கிவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் அம்மா பொட்டு வைக்காமல் விடமாட்டார். அம்மாவும் குப்பத்துப் பெண்தான். புதுப் படகு இறக்கும்போது அதன் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பழகிய கை. பேட்டரிக்கு மூக்கு எது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்தார். மேலே துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஈயக் கொம்புகள் கண்ணில் பட்டன. குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து இரண்டு கொம்பிலும் சுற்றிலும் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நைனா பக்கத்தில் கைகூப்பி நின்றார். பிறகு அந்தக் கொம்புகளின் மேலேயே, சந்தனத்தோடு சேர்த்து, கேபிள் முனையிலிருந்த வளையமான கிளாம்பை மாட்டி முறுக்கினார். கம்பிக்கும் ஈயத்துக்கும் நடுவில் சந்தனம் இருக்கலாமா என்று அவர் யோசிக்கவே இல்லை. கட்டின பெண்டாட்டி பக்தியோடு வைத்த பொட்டைத் துடைத்துவிட்டு மாட்ட எந்த ஆண்பிள்ளைக்கு மனசு வரும்?

வண்டி எடுக்கவில்லை. முன்பாவது முனகும், இப்போது அதுவும் இல்லை. அன்று காலை தெருவே கூடித் தள்ளியது. புது பேட்டரி வந்த சேதி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சிரிப்பும் புதிதாக இருந்தது.

நைனா வண்டியை நேரே ஸ்டாண்டுக்கு விட்டார். பேட்டரியைக் கழற்றி, பாய் கடை வாசலில் டமாரென்று வைத்தார். டிரைவர்கள், கிளீனர்கள், டீக்கடைக்காரர், சரக்கு ஏற்ற வந்த வியாபாரிகள் என அத்தனை பேரும் இருந்தார்கள். பாய் வெளியே வந்து, மூடியைத் திறந்து, சார்ஜ் காட்டுகிற கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். சார்ஜ் நிறைய இருக்கிறது என்று தாழ்ந்த குரலில்தான் சொன்னாராம். நைனாவின் காதில் அது விழவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"செத்த பேட்டரிக்குப் பெயிண்ட் அடிச்சி வித்துகினு கீறான் இவன். இனிமே இவன் கடையாண்ட எவனும் போவாதீங்க."

அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தையும் சொன்னார். பாயின் சாதி ஜனத்தையே சேர்த்து ஏசுகிற வார்த்தை. அதை நான் அச்சில் ஏற்ற மாட்டேன். அங்கே நின்றவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

பாய் பணத்தைக் கொண்டுவந்து நைனா கையில் வைத்தார். பேட்டரியைத் தூக்கிக் கடைக்குள்ளே பலகைமேல் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பொய் பேசாதவர் என்று பேர் எடுத்த மனிதர் நடுரோட்டில் நின்று சொன்ன சொல் அது. ஸ்டாண்டில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. அன்று முதல் பாய் கடைக்குப் போகிற டிரைவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

நைனா பாரிமுனைப் பக்கம் போய் வேறு பேட்டரி வாங்கினார். இந்த முறை ரோட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்ததால் அம்மாவின் பொட்டுக்கு வாய்ப்பில்லை. கொஞ்ச நாள் ஏதோ முக்கி முனகி எடுத்தது. பிறகு பழையபடி ஆனது. அப்போது எனக்குப் பிரசவம் ஆகித் தாய்வீட்டிலேயே இருந்தேன். ஒரு நாள் காலை வாசலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிளீனர் உள்ளே உட்கார்ந்து செல்ஃபை அழுத்த, நைனா பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ கிளாம்பைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது. கிளாம்பு எதற்காகச் சுட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கரண்டு போக வழியில்லாமல் முட்டுகிற இடம்தான் சூடாகும் என்பது லாரி ஓட்டுகிற யாருக்கும் தெரியும், கோபம் கண்ணை மறைக்காமல் இருந்தால்.

ஸ்பேனரைப் போட்டு கிளாம்பைக் கழற்றினார். உள்பக்கத்தைக் கத்தியால் சுரண்டினார். முதலில் பச்சைக் களிம்பு வந்தது. பிறகு காய்ந்து இறுகிப்போன சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதோடு சிவப்பாகக் குங்குமம். எல்லாம் அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. நைனா கையையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அம்மா மீன் அரிந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. நைனா கையை மூடிக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தபோது, அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அம்மாவாண்ட சொல்லாத" என்றார்.

பாயின் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை என்பது அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அவர் வண்டிக்குச் செய்த வேலை ரொம்ப நேர்த்தியானது. கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் வெல்டிங்குக்கு இழுப்பார்களே, கட்டைவிரல் தடிமனில் ரப்பர் கேபிள், அது கழிவில் வந்ததை ராயபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பிடித்தார். தேவைக்கு மேல் ஒரு சாண்கூட நீளம் வைக்காமல் வெட்டினார். செம்பு முனைகளை ஈயம் காய்ச்சி ஊற்றிப் பற்றவைத்தார். பேட்டரியின் கொம்புகளையும் புதுக் கிளாம்பின் உள்பக்கத்தையும் பளபளவென்று வருகிறவரை உப்புத்தாளால் தேய்த்தார். மாட்டி முறுக்கிய பிறகுதான், உப்புத் தண்ணீர் இறங்காமல் இருக்க, மேலே கிரீஸ் தடவினார். எர்த் கேபிள் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பெயிண்டுக்கும் துருவுக்கும் மேலே முறுக்கியிருந்தது. அந்த இடத்தையும் சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கினார். போதாதென்று எஞ்சினுக்கே நேராக இன்னொரு எர்த் கேபிள் போட்டார். ஒரு வேலையையும் கிளீனரிடம் விடவில்லை. ஒரு மனிதர் இரும்பிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

மறுநாள் செல்ஃபைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. அதற்குப்பிறகு யாரும் எங்கள் வண்டியைத் தள்ளவில்லை.

ஸ்டாண்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். "பாத்தியா, கடைய மாத்தினாரு, வண்டி எடுத்துகினுது" என்று ஒருவர் சொன்னாராம். நைனா அப்போது கையில் டீயோடு நின்றிருந்தார். கேபிள் மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தாராம். கேபிளில் என்ன கோளாறு என்று கேட்பார்கள், சொன்னால் பொட்டு வெளியே வரும். பெண்டாட்டியின் குங்குமத்தால் வண்டி நின்றுபோனது என்று ஸ்டாண்டே உருண்டு உருண்டு சிரிக்கும். அம்மா தெருவில் நடக்க முடியாது. இப்படி நினைத்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்துவிட்டார். அம்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எத்தனையோ தடவை என்னிடம் சொன்னார். கடைசியில் ஒரு நாள், அதுவும் பொய், எனக்காகத்தான் மூடிக்கொண்டேன் என்றார்.

பாயிடம் போகாமல் இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாய் வீடு திரும்பியிருப்பார் என்று கணக்குப் போட்டு, பின்பக்கச் சந்து வழியாக அவர் வீட்டுக்கே போனார். தப்பு தன்னுடையது, கேபிளுடையது, பேட்டரி நல்ல பேட்டரி என்று எல்லாவற்றையும் சொன்னார். பாய் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"என் பேட்டரி நல்லதுன்னு எனக்கு முன்னயே தெரியும் அண்ணாத்தே. அத்த எனக்கு சொல்றதுக்கு இம்மாந்தூரம் வரணுமா? ரோட்டுல வச்சி சொன்னத ரோட்டுல வச்சி எடுத்துக்கங்க."

சரி பாய், நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்று நைனா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

நாளைக்கே சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஸ்டாண்டில் எல்லோரும் கூடியிருக்கிற நேரம் பார்த்து நிற்பார். தொண்டையைக் கனைப்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உப்பு விலையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். எதிரே பாய் கடையில் அந்தப் பேட்டரி பலகைமேல் அப்படியே இருக்கும், அம்மா வைத்த பொட்டோடு. தன்னை அவமானப்படுத்தத்தான் அதைத் துடைக்காமல், விற்காமல், தெருவைப் பார்த்து வைத்திருக்கிறார் என்று நைனா நினைத்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

வருடங்கள் போயின. பாய் கடையில் பாதியை ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு விட்டுவிட்டார். கல்யாண வீட்டு மைக் செட்டுக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது, டார்ச் விளக்கு ரிப்பேர் பார்ப்பது என்று பாயின் தொழில் சுருங்கிப்போனது. எங்கள் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓடி வந்த வரும்படியில் தம்பி படித்தான், அவனுக்குக் கல்யாணம் ஆனது, வீட்டுக்கு ஓடு மாற்றினோம். நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி இதைவிட வெளிப்படையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடைசி மாதங்களில் நைனாவுக்கு மூச்சு வாங்கியது. சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"நான் ரோட்டுல சொல்லல. என்னால ஆவல. எனக்குப் புக்கு போடுவீங்க இல்ல, அதுல எழுதிடு. என் கேபிளுதான் கெட்டுகெடந்துதுன்னு எழுது. பொட்டு விஷயம் வேணாம்."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று பிற்பாடு நான் கேட்டேன். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த சந்தனத்தூளைப் பார்த்த நாளிலிருந்தே தெரியும் என்றார். அன்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னது இதுதான்:

"பொட்டு வச்சது நானு. அத்த வுட்டுட்டு எழுதினா அதுவும் பொய்தான். எல்லாத்தையும் எழுது."

நைனா அம்மாவையே பார்த்தார். பிறகு அழுதார். கடலுக்குப் பயந்து ஓடிவந்தவன், கரையிலேயும் பயந்தே செத்துப்போகிறேன் என்றார்.

அவர் உடலை எடுத்த அன்று பாய் வந்திருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். ஊர்வலம் கிளம்பி முனை திரும்புகிறவரை நின்றுவிட்டுப் போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பாயிடம் கேட்க வேண்டும் என்று அம்மா சொன்னதால், இருவரும் அவர் கடைக்குப் போனோம். பலகைமேல் அந்தப் பேட்டரி தூசி படிந்து இருந்தது. சந்தனம் வெடித்துப்போய், குங்குமம் கறுத்துப்போய், ஆனாலும் பொட்டு பொட்டாகத்தான் இருந்தது. இதை ஏன் இன்னும் துடைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டார்.

"நீங்க வச்ச குங்குமம்மா" என்றார் பாய். "அண்ணாத்தே உசுரோட இருக்கறப்ப, அத்த நான் எப்டி அழிக்கிறது? எம்மேல கோவம்தான், எனக்கும் அவுருமேல கோவம்தான். அதுக்காவ?"

அத்தனை வருடமும் தன்னைக் குத்திக்காட்டுவதாக நைனா நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். என்னால் அந்தக் கடையில் நிற்க முடியவில்லை.

அம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருந்தது. முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு கொம்பிலும் இருந்த பொட்டைத் தானே துடைத்தார். லேசில் போகவில்லை, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. துடைத்து முடித்ததும் பாய் ஒரு சின்ன பல்பை எடுத்து, அதன் கம்பிகளை இரண்டு கொம்பிலும் வைத்துக் காட்டினார். பல்பு எரியவில்லை. சார்ஜ் ஏற்றாமல் இத்தனை வருடம் சும்மா கிடந்தால் எப்பேர்ப்பட்ட பேட்டரியும் உள்ளே வீணாகிவிடும் என்றார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"இப்பதாம்மா இது செத்த பேட்டரி."

எங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. நைனாவுக்கு மூச்சு முட்டியபோதெல்லாம் நேரம் பார்க்காமல் வந்த டாக்டருக்கும், ரிக்ஷாவில் ஏற்றி இறக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், காரியத்தன்று அடுப்படியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், மீஞ்சூரிலிருந்து வந்து கூட இருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் எங்கள் வண்டியைத் தள்ளிய ஒவ்வொரு கைக்கும், சிரித்துக்கொண்டே தள்ளிய கைகளுக்கும் சேர்த்து, நன்றி. வேட்டி கறுத்துப்போன என் மாமனாருக்குத் தனியாக நன்றி.

பாய்க்கு நன்றி என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு எங்களிடமிருந்து சேர வேண்டியது வேறு. இந்த மலரின் முதல் கட்டு லாரி ஸ்டாண்டுக்குப் போகிறது. திவசத்தன்று காலை, எல்லோரும் டீக்கு இறங்குகிற நேரத்தில், பாய் கடை வாசலில் நின்று இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் படிப்பதாக இருந்தேன். அச்சுக்குப் போகிற தாளைக் கடைசியாக வாங்கிப் பார்த்த தம்பி, நானே படிக்கிறேன் அக்கா என்றான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் அவன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று படிப்பான்.

எங்கள் நைனா இந்த வாசலில் இறக்கி வைத்த அன்று, அது செத்த பேட்டரி இல்லை.